மைம்மலிலும் இரவிலும் ஆடாத படம் எடுக்க: வன்னியில் கமரா பிடிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு

வெளிச்சம் குறைந்த இடத்தில் தெளிவான படம் வேண்டுமென்றால் முதலில் முடிவெடுக்க வேண்டியது ஷட்டர் வேகத்தை, அதாவது கமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை. அப்பேர்ச்சரும் (லென்ஸ் திறக்கும் அகலம்) ஐஎஸ்ஓவும் (வந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு) அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கை மாற்றி, ஐஎஸ்ஓ கூடினால் படம் பழுதாகிவிடும் என்ற பயத்தில் அதை 400இலோ 800இலோ கட்டி வைத்துவிட்டு மிச்சத்தைக் கமரா பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதால்தான் திருவிழாப் படமும் பிறந்தநாள் படமும் ஆடிப்போய் வருகின்றன. குறுணல் (மணல் தூவினமாதிரித் தெரியும் புள்ளிகள்) விழுந்த படத்தைப் பிறகு ஓரளவு துப்புரவாக்கலாம், சின்னதாகப் பார்த்தால் குறுணல் தெரியவே தெரியாது. ஆடிப்போன முகத்தை எந்த மென்பொருளும் அந்த ஆளின் முகமாகத் திருப்பித் தராது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா பக்கம் இப்போதுதான் கமரா கையில் எடுத்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரும்பாலும் கையில் இருப்பது யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த, அல்லது பாவித்ததாக வாங்கிய ஒரு நிக்கோன் அல்லது கனோன், அதோடு வந்த 18-55 லென்ஸ் (18இலிருந்து 55 மில்லிமீற்றர் வரை சூம் பண்ணுவது). அல்லது ஒரு போன். இவை போதும்.

எங்கள் பக்கத்து வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. நாங்கள் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேரே கீழே இறங்குகிறது, மறைந்து இருபது சொச்ச நிமிடத்தில் நன்றாக இருட்டிவிடும். குளிர் நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் மாலை வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம் ஆறுதலாக எடுக்கலாம் என்று இருக்கும், இரணைமடு அணைக்கட்டில் நின்று அதை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். மைம்மலில் சில நிமிடத்துக்கு ஒருமுறை செற்றிங்கைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு முன் சரியாக வந்த கணக்கு இப்போது சரிவராது.

படம் எதனால் தெளிவில்லை?

செற்றிங்கை மாற்றுவதற்கு முன் பழைய படங்கள் சிலவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் உள்ள எல்லாமே, சுவர், மரம், ஆள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக, ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். ஒன்றும் இழுபடவில்லை, ஆனால் முகம் மங்கலாகப் பின்னாலிருக்கும் தூண் துல்லியமாக இருக்கிறதென்றால் போக்கஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. தோல் மெழுகு பூசினமாதிரி இருந்தால் கமராவோ போனோ குறுணலை அகற்றுகிறேன் என்று முகத்தின் நுணுக்கத்தையும் சேர்த்து வழித்து எடுத்திருக்கிறது. லென்ஸில் விரல் எண்ணெயும் செம்மண் தூசும் படிந்திருப்பதாலும் படம் மங்கும், வன்னியில் அது கனக்க நடக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கை ஆடியதற்கான மருந்தை ஆள் அசைந்ததற்குக் கொடுத்தால் வேலை செய்யாது, புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

மூன்று செற்றிங்குகள், சுருக்கமாக

குளத்துத் துருசை எவ்வளவு அகலத் திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வயலுக்கு வரும் தண்ணீர். லென்ஸ் திறக்கும் அகலம் அப்பேர்ச்சர், திறந்திருக்கும் நேரம் ஷட்டர். ஐஎஸ்ஓ உள்ளே வந்த வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, வந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது, கொஞ்சமாக வந்ததைப் பெருக்கும்போது குறுணலும் சேர்ந்து தெரிகிறது. அப்பேர்ச்சர் எண் சிறிதானால் திறப்பு பெரிது என்பதை மட்டும் பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

ஷட்டர்: எது அசைகிறது என்று பாருங்கள்

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நான் எடுக்கப்போவது எவ்வளவு வேகமாக அசைகிறது? கதிரையில் அமைதியாக இருக்கும் ஆளுக்கு, அவர் உங்களுக்காக அசையாமல் இருக்கிறார் என்றால், 1/60, அதாவது ஒரு செக்கனில் அறுபதில் ஒரு பங்கு, போதும். கதைத்துக்கொண்டிருப்பவருக்கு 1/125. நடக்கிறவருக்கு 1/250. கூத்தில் சுழன்று ஆடுகிறவருக்கும் ஓடி விளையாடும் பிள்ளைக்கும் 1/320இலிருந்து 1/500. ஒன்றுமே அசையாத குளக்கட்டு, கோபுரம் போன்றவற்றுக்கு, ட்ரைபொட் இருந்தால் எத்தனை செக்கன் என்றாலும் பரவாயில்லை.

இதோடு உங்கள் கைக்கும் ஒரு எல்லை உண்டு. லென்ஸின் மில்லிமீற்றர் எண்ணை, சின்ன சென்சர் (படத்தைப் பதியும் தகடு) உள்ள நிக்கோன் என்றால் 1.5ஆலும் கனோன் என்றால் 1.6ஆலும் பெருக்கி, வருவதை ஒன்றின் கீழே போடுங்கள். 50 மில்லிமீற்றருக்கு 1/80 வரும், அதைவிட மெதுவாகப் போனால் கை ஆட்டம் தெரியத் தொடங்கும். 18இல் 1/30 வரை இறங்கலாம். இந்த இரண்டு கணக்கில் எது வேகமோ அதை வையுங்கள்.

லென்ஸில் ஆட்டத்தடுப்பு (நிக்கோனில் விஆர், கனோனில் ஐஎஸ்) இருந்தால் கை ஆட்டத்தில் கொஞ்சம் கூட இடம் கிடைக்கும். அது உங்கள் கையை மட்டுமே சமாளிக்கும், அசைகிற ஆளை நிறுத்தாது. ஆட்டத்தடுப்பை நம்பி 1/15இல் கலியாண வீட்டை எடுத்தால் மணவறை துல்லியமாகவும் மாப்பிள்ளை புகையாகவும் வருவார். கமராவை ட்ரைபொட்டில் வைத்தால் ஆட்டத்தடுப்பை நிறுத்திவிடுங்கள், பழைய லென்ஸ்கள் சில அசைவே இல்லாதபோது தாங்களாகவே ஆட்டத்தை உண்டாக்கும்.

பிடிக்கிற விதமும் முக்கியம். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டட்டும். பனையோ தூணோ வாகனமோ எது கிடைக்கிறதோ அதில் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்டு, பொத்தானை அமத்தாமல் மெதுவாக நெரியுங்கள். தொடர் எடுப்பில் வைத்து மூன்று படம் எடுத்தால் நடுவில் உள்ளது பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஏனெனில் முதலாவதில் விரல் அமத்திய அதிர்வும் கடைசியில் விரல் எடுத்த அதிர்வும் இருக்கும்.

அப்பேர்ச்சரும், வாங்கத் தகுந்த ஒரே லென்ஸும்

18-55 லென்ஸில் 18இல் நின்றால் எஃப் 3.5 (எஃப் என்பது அப்பேர்ச்சர் எண்) கிடைக்கும், 55க்கு இழுத்தால் அதுவே எஃப் 5.6 ஆகிவிடும். அதாவது சூம் பண்ணியதாலேயே பாதிக்கு மேற்பட்ட வெளிச்சத்தை இழக்கிறீர்கள். அதனால் இரவில் சூம் பண்ணாதீர்கள், கால் இருக்கிறது, கிட்டப் போங்கள்.

காசு சேர்த்து ஒன்றை வாங்குவதென்றால் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸை வாங்குங்கள், பெரும்பாலான கமரா நிறுவனங்களின் வரிசையில் விலை குறைந்த லென்ஸ்களில் அது ஒன்று. எஃப் 5.6ஓடு பார்த்தால் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். புதுக் கமரா உடலுக்குச் செலவழிப்பதைவிட இரவுப் படத்துக்கு இதுதான் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். பாவித்ததை வாங்கும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள்: நிக்கோன் டி3000, டி5000 வரிசை உடல்களில் போக்கஸ் மோட்டார் இல்லை. 50 எஃப் 1.8 ஏஎஃப்-டி என்ற பழைய வகையைப் போட்டால் கையால்தான் போக்கஸ் பண்ண வேண்டிவரும். ஏஎஃப்-எஸ், ஜி என்று எழுதியிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கனோனில் இந்தச் சிக்கல் இல்லை.

இந்த 50 லென்ஸை முழுக்கத் திறந்து எஃப் 1.8இல் எடுக்கும்போது தெளிவாக வரும் ஆழம் மிகக் குறைவு. இரண்டு மீற்றர் தூரத்தில் நிற்கும் ஆளுக்குச் சின்ன சென்சரில் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர்தான், ஒரு மீற்றருக்குக் கிட்டப் போனால் மூன்று சென்ரிமீற்றர்கூட இராது. கண் தெளிவாக, காது மங்கலாக வரும். ஒரு முகத்துக்கு எஃப் 2.2, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு எஃப் 2.8 என்று வைத்தால் தெளிவும் கூடும், தவறுவதும் குறையும்.

ஐஎஸ்ஓவைப் பயப்படாமல் ஏற்றுங்கள்

சரி, ஷட்டரையும் அப்பேர்ச்சரையும் முடிவெடுத்தாயிற்று. மிச்சத்தை ஐஎஸ்ஓ நிரப்பட்டும். கமராவை எம் நிலையில் (ஷட்டரையும் அப்பேர்ச்சரையும் நாங்களே வைக்கும் மனுவல் நிலை) வைத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, மெனுவுக்குள் போய் உச்ச எல்லையாக 6400 கொடுங்கள். கமரா மிகப் பழையதென்றால் 3200. இதுதான் நான் தொடக்கக்காரருக்குச் சொல்லும் ஒரே நிலை, ஏனென்றால் ஷட்டர் உங்கள் கையில் இருக்கிறது, கமரா அதைக் களவாகக் குறைக்க முடியாது. அப்பேர்ச்சரை நாங்கள் வைக்க ஷட்டரைக் கமரா தெரியும் அப்பேர்ச்சர் முன்னுரிமை நிலையில் அதுதான் நடக்கிறது: இருட்டினால் கமரா சத்தமில்லாமல் 1/8க்கு இறங்கிவிடும், நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் இரவு, ரியூப் லைற் வெளிச்சத்தில் சனம் நிற்கிறது என்று வையுங்கள். 18-55 லென்ஸை 18இல் வைத்து எஃப் 3.5, 1/100, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கலாம். அதே இடத்தில் 50 லென்ஸ் என்றால் எஃப் 2.2, 1/125, ஐஎஸ்ஓ 1600. இரண்டிலும் படத்தின் வெளிச்சம் ஒன்றே, இரண்டாவதில் குறுணல் குறைவு. மேடை வெளிச்சம் நன்றாக உள்ள இடத்தில் எஃப் 2.8, 1/250, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்குங்கள். இவை தொடக்கம் மட்டும், முதல் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்து, பிறகு போனில் வெளிச்சம் ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தொடக்கநிலைக் கமராக்கள் பலவற்றில், முக்கியமாக ஜேபெக் படத்தில், அப்படி ஏற்றிய படத்தில் வரும் குறுணல் நேரே 3200இல் எடுத்ததைவிட மோசம். இடம் இருந்தால் றோ வடிவத்தில் (கமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுங்கள், நிறத்தையும் குறுணலையும் பிறகு ஆறுதலாகத் திருத்தலாம்.

ரியூப் லைற், எல்இடி, ஜெனரேற்றர்

இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று, ஒரு சுற்றில் விளக்கு இரண்டு தடவை கூடிக் குறையும். ரியூப் லைற்றும் மலிவான எல்இடியும் ஒரு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன, கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். 1/250, 1/500 என்று போனால் ஒரு படம் மஞ்சள், ஒரு படம் சாம்பல், சிலதில் குறுக்கே கறுத்த பட்டி என்று வரும். 1/50 அல்லது 1/100இல் எடுத்தால் முழுச் சுற்றும் உள்ளே வந்துவிடுவதால் இது மறையும், 1/125உம் பெரும்பாலும் சமாளிக்கும். வேகமாகத்தான் எடுக்க வேண்டுமென்றால் தொடராகக் கனக்க எடுத்து நல்லதைத் தெரியுங்கள். கோயில்களில் ஜெனரேற்றரில் ஓடும் விளக்குகள் சுமை கூடிக் குறையும்போது கொஞ்சம் தடுமாறும், அங்கே கணக்குச் சரியாகப் பொருந்தாது. நிறம் மாறும் மேடை எல்இடிகளுக்கு இந்தக் கணக்கே இல்லை, ஓரிரு படம் எடுத்துப் பார்த்துத்தான் வேகத்தைத் தெரிய வேண்டும். சத்தமில்லாத மின்னணு ஷட்டர் உள்ள கமரா என்றால் அதை நிறுத்திவிடுங்கள், பட்டி அதில்தான் மோசமாக வரும்.

நெருப்பு வெளிச்சம்

பொங்கல் அடுப்பு, கற்பூரம், குத்துவிளக்கு, மடுத் திருவிழாவில் மெழுகுதிரி பிடித்து நிற்கும் கை. எனக்கு மிகப் பிடித்த வெளிச்சம் இது, கமராவை மிக எளிதாக ஏமாற்றும் வெளிச்சமும் இதுதான். பின்னணி முழுக்க இருட்டாக இருப்பதால் கமரா படத்தையே இருட்டென்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றும், முகம் வெளுத்துப்போகும். வெளிச்ச ஈடு செய்யும் அளவை மைனஸ் 1க்குக் கொண்டுவாருங்கள். முகமும் காப்பாற்றப்படும், ஐஎஸ்ஓவும் பாதியாகக் குறையும். சில பழைய உடல்களில் எம் நிலையில் தானியங்கி ஐஎஸ்ஓ இருக்கும்போது அந்த ஈடு வேலை செய்யாது, அப்போது ஐஎஸ்ஓவைக் கையால் வையுங்கள். அடுப்புக்குக் கிட்ட இருக்கும் முகத்துக்கு எஃப் 1.8, 1/60, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கிப் பாருங்கள்.

இதில் இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. நெருப்பு வெளிச்சத்தில் சிவப்பு மிக அதிகம், நீலம் மிகக் குறைவு. படம் மொத்தமாகச் சரியாக இருப்பதுபோல் தோன்றினாலும் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, கன்னத்தில் ஒரு நுணுக்கமும் இல்லாமல் செம்மஞ்சள் பூச்சாகிவிடும். அதைப் பார்த்துவிட்டுப் போக்கஸ் தவறியது என்று நினைப்பார்கள். கொஞ்சம் இருட்டாக எடுத்தால் அந்தத் தோல் திரும்பி வரும். வைற் பலன்ஸை (விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் செற்றிங்) 3000 கெல்வின் அளவில் வைத்தால் நெருப்பின் சூடும் இருக்கும், முகமும் முகமாக இருக்கும்.

லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்கென்று மலிவான பில்ற்றர் கண்ணாடி பூட்டியிருந்தால் இரவில் கழற்றுங்கள். விளக்கு உள்ள படங்களில் வரும் பச்சைப் பொட்டுகள் பெரும்பாலும் அந்தக் கண்ணாடியின் எதிரொளிப்பு. முல்லைத்தீவுக் கடற்கரையில் உப்புக்காற்று அடிக்கும்போது மட்டும் பூட்டியிருப்பது நல்லது, திரும்பி வந்ததும் துடையுங்கள்.

போக்கஸ்

இருட்டில் கமரா போக்கஸ் தேடி முன்னும் பின்னும் ஓடும். அதைத் தானாகப் புள்ளி தெரிய விடாதீர்கள், ஒரே புள்ளியில், நடுப்புள்ளியில் வையுங்கள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் நடுப்புள்ளிதான் இருட்டில் நன்றாக வேலை செய்யும். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பு எதுவும் கிடைத்தால் கமரா உடனே பிடித்துக்கொள்ளும்: நெற்றியில் திருநீற்றுக் கோடு, குங்குமப் பொட்டு, கண்ணின் ஓரம், சால்வைக் கரை. வெறும் கன்னத்தில் புள்ளியை வைத்தால் தேடிக்கொண்டே இருக்கும். மிகவும் இருட்டென்றால் ஆளிடம் சொல்லிவிட்டு ரோச் லைற்றை மேலே பிடித்து, போக்கஸ் எடுத்து, கையால் மாற்றும் நிலைக்கு ஆளியைத் தள்ளி, லைற்றை நிறுத்திவிட்டு எடுங்கள். தூரம் மாறாத வரைக்கும் போக்கஸ் அப்படியே இருக்கும்.

கூத்து விடிய விடிய நடக்கும், அவசரமே இல்லை. ஆட்டக்காரர் சுழன்று முடித்து அடுத்த அடிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்பார். தாளத்தைக் கேட்டால் அந்த இடம் எப்போது வருமென்று உங்களுக்கே பிடிபடும். அங்கே அமத்தினால் 1/160இல்கூட முகம் தெளிவாக வரும். கமராவின் முன்னால் போக்கஸுக்காக எரியும் சின்ன விளக்கை மெனுவில் நிறுத்திவிடுங்கள், ஆட்டக்காரரின் கண்ணில் அது குத்தும். பிளாஷ் வேண்டவே வேண்டாம், அந்த வெளிச்சத்தின் அழகையும் அது கொன்றுவிடும், சுற்றி இருக்கும் சனத்தின் இரவையும் கெடுக்கும். கோயிலில் எங்கே எடுக்கலாம் என்று முதலே கேளுங்கள், மூலஸ்தானப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

வீட்டில் எடுப்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சொல்வேன். இடம்பெயர்வுகளில், முக்கியமாக 2009இல், ஆல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் கனக்க. அப்பப்பாவின் ஒரு படம்கூட இல்லாத வீடுகள் உண்டு. இப்போது இருக்கிற அம்மம்மாவை, மைம்மலில் படியில் வந்து இருக்கும்போது, வாசற் பக்கம் முகத்தைத் திருப்பி இருக்கச் சொல்லி, எஃப் 2.2, 1/125, ஐஎஸ்ஓ எவ்வளவு போனாலும் போகட்டும் என்று எடுங்கள். கதைத்துக்கொண்டே எடுங்கள், நிமிர்ந்து இருக்கச் சொல்லாதீர்கள். குறுணல் இருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், கண் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போனில் எடுப்பவர்களுக்கு

முதல் வேலை லென்ஸைச் சட்டையின் சுத்தமான நுனியால் துடைப்பது. 1 மடங்கு என்று காட்டும் பிரதான லென்ஸில் மட்டும் எடுங்கள், மற்ற லென்ஸ்கள் பெரும்பாலும் இருட்டில் பலவீனம், விரலால் விரித்துப் பெரிதாக்குவது வெறும் வெட்டல். இரவு நிலை பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது, அதனால் அசையாத கோபுரத்துக்கும் குளத்துக்கும் அருமை, ஓடும் பிள்ளைக்கு ஆகாது. பிள்ளைக்கு அதை நிறுத்திவிட்டு வெளிச்சத்துக்குக் கிட்டக் கூட்டிவாருங்கள். முகத்தைத் தொட்டுப் பிடித்துப் போக்கஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். புரோ நிலை இருந்தால் மேலே சொன்ன ஷட்டர் வேகங்களை அப்படியே போடலாம்.

வெள்ளாப்பில் முல்லைத்தீவில் கரைவலை இழுப்பதை எடுக்கப் போகிறவர்கள் ட்ரைபொட் காலை மணலில் நன்றாக அமத்தி, இரண்டு செக்கன் ரைமரில் எடுங்கள், ஆனால் இழுக்கும் ஆட்கள் தெளிவாக வேண்டுமென்றால் அங்கேயும் 1/250தான். மைம்மலுக்குப் பிறகு ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டு வீதிகளில் படத்துக்காகத் தனியே நிற்காதீர்கள், யானை வரும் நேரம் அது. மிதிவெடிக்கான சிவப்புப் பலகை உள்ள காணிக்குள் எந்தக் கோணத்துக்காகவும் கால் வைக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் படங்களை 100 வீதத்துக்குப் பெரிதாக்கி, கண்ணைப் பாருங்கள். தெளிவாக வந்ததன் ஷட்டர் வேகத்தையும் வராததன் வேகத்தையும் படத்தின் தகவலில் பார்த்து எழுதி வைத்தால் உங்கள் கைக்கு எது எல்லை என்று கெதியில் தெரியவரும். குறுணல் அகற்றும் அளவை மெல்லமாக மட்டும் ஏற்றுங்கள், தோலில் மயிர்க்கால் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள், கூர்மையாக்கும் அளவை அதற்குப் பிறகுதான் தொடுங்கள். ஆட்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், டொக்கியுமென்ற் என்பதைத் தெரிவுசெய்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.